செவ்வாய்க்கிழமை ஒருசந்தி

பேச்சு என்று வந்துவிட்டால் பாக்கியநாதனை அடித்துக்கொள்ளத் திருச்சி ஜில்லாவில் ஆள் கிடையாது. கிராமங்களுக்கு எரிபொருள் திட்டம் போடுகிற ஒரு தொண்டு நிறுவனத்தில் அவர் திட்ட அலுவலர். கண்டோன்மெண்டில் ஆபீஸ், கே.கே. நகரில் வீடு, ஊர் சுற்ற ஆபீஸ் ஜீப். வாரத்தில் பாதி நாள் முசிறிப் பக்கம் ஏதாவது ஓர் ஊரில் மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருப்பார். விறகுக்காக மரத்தை வெட்டாதீங்க, சாணத்தை வறட்டி தட்டி எரிச்சு வீணாக்காதீங்க, தொட்டியில கரைச்சு விடுங்க, அடுப்புக்கு கேஸும் ஆச்சு, வயலுக்கு எருவும் ஆச்சு என்று அவர் சொல்லச் சொல்ல, கேட்கிறவனுக்கு உடனே வீட்டுக்குப் போய்க் கொல்லையைத் தோண்டவேண்டும் போலிருக்கும். அப்படி ஒரு வாய்.

அந்த வாயில்தான் செல்லக்கண்ணு மாட்டினாள். முசிறிக்கு அந்தப் பக்கம், வாய்க்காலை ஒட்டின ஒரு சின்ன ஊர். புருஷன் பிச்சை, ஒரே மகள் வள்ளிக்கண்ணு, கொஞ்சம் நெல், கொஞ்சம் வாழை, ஒரு பசு, ஓர் எருமை. மோர் விற்பாள். ஈர வாழைமட்டையையும் கருவேலஞ்சுள்ளியையும் ஊதி ஊதிக் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, எந்நேரமும் நீர் வடிந்தபடி இருக்கும். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் பாக்கியநாதன் அவள் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினார். இதை மட்டும் குறைசொல்ல முடியாது. அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை.

ஆனால் இரண்டு மாட்டுச் சாணம் தொட்டிக்குப் போதாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். வீட்டுக்கொரு கக்கூஸ் கட்டி, அதன் குழாயையும் அதே தொட்டியில் இறக்கிவிட்டால் கேஸ் தாராளமாகக் கிடைக்கும். வயசுப்பெண் சொம்பைத் தூக்கிக்கொண்டு இருட்டில் வாய்க்கால் பக்கம் போகவும் வேண்டாம். திட்ட அறிக்கையில் அந்தப் பக்கத்தை எழுதும்போது அவருக்கே தன் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

பிச்சை மட்டும் தலையைச் சொறிந்தான். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அதுலேர்ந்து வர்ற நெருப்புலயா சோறாக்குறது?"

"நெருப்புக்கு ஏதுங்க தீட்டு?" என்றார் பாக்கியநாதன். "சாணியும் எரியுது, இதுவும் எரியுது. எரிஞ்சப்புறம் எல்லாம் ஒண்ணுதான். படிச்சவன் சொல்றேன், நம்புங்க."

செல்லக்கண்ணு நம்பினாள். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவளே மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள். ஊரில் இன்னும் சில பேர் தொட்டி கட்டினார்கள். ஆனால் கக்கூஸைச் சேர்த்தது அவள் ஒருத்திதான்.

கேஸ் வந்தது. நீலமாய்ச் சீறிக்கொண்டு எரிந்தது. அவள் கண்ணும் தெளிந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது பாருங்கள், முதலில் மோர் வாங்குகிறவர்கள் நின்றார்கள். பால் கறந்த மாடு என்ன பாவம் செய்தது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பிறகு தெருவில் கல்யாணம் காட்சி என்றால் சமையலுக்கு இவளைக் கூப்பிடுவது நின்றது. மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கப் பானையும் அரிசியுமாகப் போனவளை, "நீ அப்பால வச்சுக்க தாயி" என்று ஒரு கிழவன் கைகாட்டி ஒதுக்கினான். அவள் அழாமல் அப்பால் போய் வைத்துவிட்டு வந்தாள். இதெல்லாம் பாக்கியநாதன் காதுக்கும் வந்தது. "போகப் போகச் சரியாயிடும்ங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இன்னொன்றும் உண்டு, அது அவருக்கே உறைக்கவில்லை. தொட்டி கட்டுவதற்கு முன்னால் அந்த வீட்டில் எத்தனையோ தடவை காபி குடித்திருக்கிறார். கட்டினதற்கப்புறம் வந்தபோதெல்லாம் அவருக்கு நேரமாகிவிட்டது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாசம், செல்லக்கண்ணு பஸ் ஏறித் திருச்சி ஆபீசுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு சீப்பு பூவன் பழம். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"வள்ளிக்கு ஒரு எடம் கூடி வருதுங்க. குளித்தலைப் பக்கம். பையன் நல்ல பையன். பொண்ணையும் அவுங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா யாரோ போயி அடுப்பு சமாச்சாரத்த ஓதிட்டாங்க. பையனோட அப்பா, காத்தமுத்துன்னு, கொஞ்சம் ஒரு மாதிரி. கை நனைக்க மாட்டேங்கிறாரு."

பெண் வீட்டில் சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பாக்கியநாதனுக்கும் தெரிந்த வழக்கம்தான்.

"நான் என்னங்க செய்யணும்?"

"அடுத்த செவ்வாக்கெழம திட்டத்தப் பாக்க பெரிய ஆபீசர் வராருன்னு சொன்னாங்க. அன்னிக்கு நீங்களும் அவரும் எங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டாப் போதும் சார். அவுங்களையும் அன்னிக்கே வரச் சொல்லியிருக்கேன். 'திருச்சி ஆபீசருங்க உக்காந்து சாப்பிட்டா நானும் ஒக்காந்துடறேன், எனக்கு மட்டும் என்ன வந்துச்சு'ன்னு அந்த மனுசனே வாய்விட்டுச் சொல்லிட்டாரு. எம்புள்ள வாழ்க்க ஒங்க கையிலதான் இருக்கு."

"அட, இது ஒரு பிரமாதமா!" என்று சிரித்தார் பாக்கியநாதன். "இலைய போடுங்க, ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்பிடுறேன்." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரும் பெரிய மனசோடு அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. திட்டத்தை மதிப்பீடு செய்ய மெட்ராஸிலிருந்து வந்தவர் ஜெகபர் சாதிக் என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். அவர் எழுதுவதை வைத்துத்தான் இதே திட்டத்தை இன்னும் நூறு ஊருக்குக் கொண்டுபோக நிதி கிடைக்கும். முசிறி பஸ் ஸ்டாண்டில் டிரைவர் அமிர்தராஜ் ஜீப்பை நிறுத்தினான். டிரைவருக்கு டிபன் வாங்கிக் கொடுத்துட்டு வந்துடறேன் என்று சாதிக்கிடம் சொல்லிவிட்டு இறங்கின பாக்கியநாதன், அவனோடு சேர்ந்து தானும் பொங்கலும் வடையும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தார். சாதிக் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை.

"ரம்ஜான் மாசம்ங்க. நோன்பு வச்சிருக்கேன்" என்றார்.

பாக்கியநாதனுக்கு லேசாகச் சுருக்கென்றது. அப்படியானால் மத்தியானம் இலையில் உட்காரப்போவது தான் ஒருத்தர்தான். சரி, ஒருத்தர் போதாதா என்று நினைத்துக்கொண்டார்.

செல்லக்கண்ணு வாசலைச் சாணம் தெளித்து மெழுகிப் பெரிய கோலம் போட்டிருந்தாள். அடுப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள். பந்தலின் கீழே காத்தமுத்து, அவர் பெண்சாதி, இரண்டு பங்காளிகள். தெருக்காரர்களும் வேலையைப் போட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றார்கள். வள்ளிக்கண்ணு உள்ளே கதவுக்குப் பின்னால் பட்டுப்பாவாடையும் தாவணியுமாக நின்றுகொண்டிருந்தாள்.

சாதிக் எல்லாவற்றையும் முழுசாகப் பார்க்கிற ஆள். தொட்டியைத் திறந்து காட்டுங்கள் என்றார். பிச்சை மூடியை நகர்த்தினான். வெயிலில் அந்தக் கரைசல் மேலே மெதுவாகக் குமிழி விட்டது. கக்கூஸிலிருந்து வந்த குழாயின் வாயும் அங்கேயே தெரிந்தது. பாக்கியநாதன் விளக்கம் சொல்லிக்கொண்டே போனார். பேச்சு சரளமாகத்தான் வந்தது. பேசுகிறபோதே அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பித் தொண்டைக்குழியில் வந்து நின்றது. விழுங்கிப் பார்த்தார். அது இறங்கவில்லை.

"இதில் சமைத்ததைச் சாப்பிட மக்களுக்குத் தயக்கம் இருக்கிறதா?" என்று சாதிக் கேட்டார்.

"ஆரம்பத்தில் இருந்தது. இப்போது மாறிக்கொண்டு வருகிறது" என்றார் பாக்கியநாதன்.

இலை போட்டார்கள். தலைவாழை இலை, அவள் தோட்டத்து இலை. சோறு, பூசணிக்காய் சாம்பார், வாழைப்பூ வடை, பருப்புப் பாயசம், ஓரத்தில் வெல்லக் கொழுக்கட்டை. எல்லாம் ஆவி பறக்க இருந்தன. சாதிக் கைகூப்பி, தனக்கு நோன்பு என்று பக்குவமாகச் சொன்னார். காத்தமுத்து தலையசைத்தார். அது நியாயம்தான் என்று அந்தத் தலையசைப்பிலேயே இருந்தது. பிறகு எல்லார் கண்ணும் பாக்கியநாதன் பக்கம் திரும்பியது. செல்லக்கண்ணு சொம்பில் தண்ணீரை நீட்டினாள்.

ஒரு வாய்தான். எத்தனை கூட்டம், எத்தனை மரத்தடி, எத்தனை தடவை நெருப்புக்குத் தீட்டில்லை என்று முழங்கின வாய் அது! இலையைப் பார்த்தார். சோற்றிலிருந்து கிளம்பின ஆவியில் அந்தக் குமிழிதான் அவருக்குத் தெரிந்தது. வாந்தி வந்துவிடும் என்று பயமாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் வாந்தியெடுத்தால் காரியம் இன்னும் கெட்டுப்போகுமே என்று தனக்குத் தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டார். சொம்பை வாங்க நீண்ட கை அப்படியே திரும்பிக் கும்பிட்டது.

"மன்னிக்கணும்மா. மறந்தே போயிட்டேன். இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. அந்தோணியாருக்கு நேர்ந்துக்கிட்ட ஒருசந்தி. உங்க பாஷையில விரதம். சாயந்தரம் பூசை முடிஞ்சுதான் பல்லுல தண்ணி படணும்."

செல்லக்கண்ணு சொம்பை நீட்டினபடியே நின்றாள். "ஒரு கொழுக்கட்ட சார்... வாயில போட்டுக்கிட்டாக் கூட..."

"சாமி விஷயம் பாருங்க" என்றார் பாக்கியநாதன். அட பாவி மனுஷா, அந்தோணியாரையா இதற்குத் துணைக்கு இழுப்பது! அவருடைய குலத்தில் செவ்வாய்க்கிழமை யாரும் பட்டினி கிடந்ததில்லை.

அமிர்தராஜ் ஒன்றும் புரியாமல் அவரை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் பசி ஜெயித்தது. இலை வீணாகக் கூடாதென்று அவனே உட்கார்ந்து, சோறு, சாம்பார், பாயசம் என்று ஒன்று விடாமல் சாப்பிட்டான். "பிரமாதம்க்கா" என்று மனசாரச் சொன்னான். ஆனால் டிரைவர் சாப்பிட்டால் கணக்கில் சேருமா? காத்தமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கட்டுனவங்களே கை நனைக்கல. நாங்க எப்படிங்க நனைக்கிறது?" என்று பிச்சையிடம் தணிந்த குரலில்தான் சொன்னார். கோபம் கூட இல்லை. வேலியோரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, பிறகு கொல்லைப்பக்கக் கதவு சாத்துகிற சத்தம். பாக்கியநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது சாதிக் செல்லக்கண்ணுவிடம் போய், "அம்மா, அந்தக் கொழுக்கட்டையில கொஞ்சம் கட்டிக் கொடுங்க. சாயந்தரம் நோன்பு திறக்க வச்சுக்கிறேன்" என்றார். அவள் இலையில் சுற்றி வாழைநாரால் கட்டிக் கொடுத்தாள். அதைப் பார்க்கக் காத்தமுத்து அங்கே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிவிட்டிருந்தார்கள்.

இன்னும் இரண்டு ஊர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கொள்ளிடம் பாலத்துக்கு அருகில் பொழுது சாய்ந்தது. பாலத்தில் ஏறினதும் சாதிக் ஜீப்பை ஓரங்கட்டச் சொல்லி இறங்கினார்; பாக்கியநாதனும் இறங்கினார். கீழே ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் சாரம் கட்டி நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்து, வாய்க்குள் பிரார்த்தனை சொல்லி, தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாதிக் இலைப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு கொழுக்கட்டையைத் தின்றார். இன்னொன்றை நீட்டினார்.

"எடுத்துக்குங்க சார். உங்க பூசை நேரமும் ஆயிருக்கும். ரெண்டு பேருமே பட்டினி. அந்தம்மா முகத்தைப் பார்த்தீங்களா? எனக்கே கஷ்டமா போச்சு. நீங்க பாவம், உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!"

ஸ்டியரிங்கில் இருந்த அமிர்தராஜ் வெளியே ஆற்றைப் பார்த்தான். பாக்கியநாதன் கொழுக்கட்டையை வாங்கினார். வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். வெல்லமும் தேங்காயும் ஏலக்காயும். அவ்வளவுதான். வாந்தியும் வரவில்லை, குமட்டலும் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, அருமையான கொழுக்கட்டை. தொண்டையில் நின்றதாக நினைத்தது எங்கே போயிற்றோ தெரியவில்லை. இதை அங்கே தின்றிருந்தால் என்ன என்று நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது.

"இன்னொண்ணு?" என்றார் சாதிக்.

"போதுங்க" என்றார். அழுகையை அடக்குவதற்குப் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டில் மனைவி இருதயமேரி சோறு போட்டாள். பிசைந்து பிசைந்து வைத்தார். "வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். அன்றைக்கு ஆரம்பித்த பொய் அவரை விடுகிற மாதிரி இல்லை.

சாதிக்கின் மதிப்பீடு ஆவணியில் வந்தது. தொட்டிகள் நன்றாக வேலை செய்கின்றன, விறகுச் செலவு குறைந்திருக்கிறது, கக்கூஸ் இணைப்பில் மட்டும் மக்களின் தயக்கம் தீர நிறுவனத்தின் ஆட்களே முன்மாதிரியாக இருந்து நம்பிக்கை ஊட்டவேண்டும் என்று எழுதியிருந்தார். நிதி கிடைத்தது. ஆபீசில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். பாக்கியநாதனுக்கு மாலையே போட்டார்கள். கழுத்தில் அந்த மாலையோடு அவர் நின்ற கோலத்தை அமிர்தராஜ் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவர் தலையை நிமிர்த்தவேயில்லை.

அதற்கப்புறம் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி முசிறி போய், அங்கிருந்து நடந்தார். என்ன செய்வது, எப்படி ஈடுகட்டுவது என்று ஒன்றும் தெரியாது. சாப்பிட வேண்டும், அது ஒன்றுதான் தெரிந்தது. தெரு முழுக்கக் கூப்பிட்டு வைத்துச் சாப்பிட வேண்டும். வேண்டுமானால் குளித்தலைக்கே போய்க் காத்தமுத்துவின் காலில் விழலாம்.

செல்லக்கண்ணு வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியே அவரைக் கொன்றது.

"வாங்க சார், வாங்க. வெயில்ல நடந்தா வந்தீங்க?"

"இன்னிக்கு உங்க வீட்டுல சாப்பிடலாம்னு வந்தேங்க" என்றார். "வள்ளி சம்பந்தம்... நான் வேணா குளித்தலைக்குப் போயி..."

"அது ஆச்சுங்க. ஆவணியிலேயே அந்தப் பையனுக்கு வேற எடத்துல கல்யாணம் முடிஞ்சுபோச்சு. வள்ளி களையெடுக்கப் போயிருக்கா. நீங்க உக்காருங்க, கொஞ்ச நேரத்துல சோறாக்கிடறேன்."

கட்டிலைப் போட்டு உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள். சற்றுப் பொறுத்துக் கொல்லைப்பக்கமிருந்து புகை வந்தது. எழுந்து போய்ப் பார்த்தார். மூன்று கல்லைக் கூட்டி, சுள்ளியைச் சொருகிக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். மழை ஈரம் போகாத சுள்ளி. புகை அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க இது? கேஸ் இல்லியா?"

"நல்லா எரியுதுங்க. அது எங்களுக்கு. அத நான் விடுவனா? உங்களுக்குன்னு தனியா வெறகுலதான் ஆக்குறேன். பானையும் புதுசுதான். நீங்க தைரியமா சாப்பிடலாம்."

"வேணாம்மா... கேஸ்லயே வைங்க. நான் அதுக்காகத்தான்..." அவ்வளவு பெரிய பேச்சுக்காரருக்குச் சின்னஞ்சிறு வாக்கியம் ஒன்று வாயில் வரவில்லை. கடைசியில் வந்தது. "அன்னிக்கு எனக்கு ஒருசந்தி இல்லீங்க."

"தெரியுங்க" என்றாள் செல்லக்கண்ணு.

பாக்கியநாதன் அவள் எதிரே குந்தினார்.

"டிரைவர் தம்பி சாப்பிடும்போது கேட்டேன், நீயும் அதே சாமிதான, ஒனக்கு வெரதம் இல்லியான்னு. சாரும் நானும் காலையில முசிறியில பொங்கல் வட தின்னுட்டுத்தானக்கா வந்தோம்னு வெள்ளந்தியாச் சொல்லிருச்சு. வெளிய சொல்லாத தம்பின்னு நான்தான் வாய அடைச்சேன். அத்தன சனத்துக்கு முன்னால ஒங்களுக்கு அவமானமாப் போயிரும்ல?" மறுபடி குனிந்து ஊதினாள். "எம்மேலதான் சார் தப்பு. மனசுக்கு ஒப்பாத ஒண்ணச் செய்யச் சொல்லி ஒங்கள இக்கட்டுல மாட்டி விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

கேஸ் அடுப்பிலேயே வை என்று எத்தனை கெஞ்சியும் அவள் கேட்கவில்லை. விருந்தாளியைச் சங்கடப்படுத்த அவளுக்கு இன்னொரு தடவை மனசில்லை. சோறு வெந்தது. இலை போட்டாள். சொம்பில் தண்ணீர் நீட்டினாள். அவள் கண் இரண்டும் பழையபடி சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே, "பொகைங்க. வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

பாக்கியநாதன் கை நனைத்தார். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பார்ப்பதற்கு அந்த வாசலில் யாரும் இல்லை.